மேட்டுச் செடி, பள்ளத்துச் செடி

மேடவாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்த புதிதில், வாசலில் 20 அடிக்கு 20 அடி இடத்தில் கொரியன் புல் போட்டேன். சதுரம் சதுரமாக வெட்டிய புல்லை வேனில் கொண்டுவந்து, செம்மண் கொட்டி, பாய் விரிக்கிற மாதிரி பதித்துவிட்டுப் போனார்கள். மாலையில் அங்கே உட்கார்ந்து காபி குடிக்கலாம் என்று இரண்டு பிரம்பு நாற்காலியும் வாங்கினேன். பத்து வருடத்தில் நாலைந்து தடவை உட்கார்ந்திருப்போம். கொசு. மற்றபடி அந்தப் புல்லில் கால் வைத்தவர்கள் தண்ணீர் விட்ட நானும், மாதம் ஒருமுறை வெட்ட வந்த பெரியவரும்தான். பேத்தி வந்தால் விளையாடுவதுகூட முருங்கை மர மூலையில், நிழல் விழுகிற எட்டடி இடத்தில்தான்.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் 34 வருடம் இருந்தவன் நான். எதையும் கணக்குப் போட்டே பழக்கம். ஆனாலும் இந்தப் புல்லின் தண்ணீர்க் கணக்கை 2019 கோடையில்தான் போட்டேன். 400 சதுர அடி என்றால் ஏறக்குறைய 37 சதுர மீட்டர். கத்திரி வெயிலில் புல்லும் மண்ணுமாகச் சேர்ந்து நாளுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீரையாவது ஆவியாக்கிவிடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நின்றால் அது ஒரு லிட்டர். ஆக நாளுக்கு 185 லிட்டர். மாதத்துக்கு 5,550 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்டப் பாதி. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வில்லிவாக்கத்துக்குக் கொண்டுவந்த வருடம் அது. எங்கள் போர்வெல் காற்றை இறைத்தது. புல் வைக்கோலாயிற்று. துக்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

மகள் லாஸ் வேகாஸில் இருக்கிறாள். அந்த ஊரில் புல்லைப் பெயர்த்தெடுத்தால் தண்ணீர் வாரியமே சதுர அடிக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கிறது. 2021-ல் நெவாடா மாநிலம் சட்டமே போட்டது: சாலை நடுத்திட்டு, அலுவலக வாசல், குடியிருப்புகளின் பொது இடம் என்று யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லுக்கு, 2026-க்குப் பிறகு கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கிடையாது. அதற்கு முந்தைய வருடமே அவள் படம் படமாக அனுப்ப ஆரம்பித்துவிட்டாள். சரளைக்கல் பரப்பு, நடுவில் ரயில் கற்றாழை, பந்து பந்தாகக் கள்ளி. "அப்பா, இதைப் போட்டுட்டா அப்புறம் தண்ணி டேங்கர் பக்கமே போக வேணாம்ப்பா."

போட்டேன். 2020 ஆவணியில் முருங்கை மூலையைத் தவிர மற்ற இடத்தில் புல்லைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு லோடு கூழாங்கல் கொட்டி, ரயில் கற்றாழை ஏழு, பந்துக் கள்ளி பன்னிரண்டு வாங்கி நட்டேன். "சார், இது செம ஸ்ட்ராங்கு சார், ஒண்ணுமே ஆவாது" என்றார் விற்ற தம்பி. நவம்பரில் நிவர் புயல் வந்தது. தாம்பரம் பக்கம் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் வாசலில் மூன்று நாள் தண்ணீர் வடியவில்லை. ஒரு வாரம் கழித்துக் கற்றாழையை லேசாக இழுத்துப் பார்த்தேன். நடு மடல் கையோடு வந்தது. அடியில் பழுப்பு நிறக் கூழ், அழுகிய உருளைக்கிழங்கு வாடை. கள்ளிகள் காற்றுப் போன பந்துபோலச் சரிந்து கிடந்தன.

லாஸ் வேகாஸில் வருடம் முழுக்கப் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர். அதை ஐப்பசியில் ஒரே ராத்திரியில் இங்கே ஊற்றிவிடும். சென்னைக்கு வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வந்து தீர்ந்துவிடும். பிறகு ஆடி வரை வானம் பெரிதாகக் கண்டுகொள்ளாது. அப்படியானால் இந்த ஊருக்கு வேண்டியது வெறுமனே வறட்சி தாங்கும் செடி அல்ல. மூன்று நாள் காலடியில் தண்ணீர் நின்றாலும் சாகாமல், ஆறு மாதம் தண்ணீர் இல்லாவிட்டாலும் சாகாமல் இருக்கிற செடி. இல்லையென்றால் தண்ணீர் நிற்காத இடத்தை அதற்கு நாம் செய்து கொடுக்க வேண்டும்.

எனக்கு வெட்கமாக இருந்தது வேறொன்றுக்காக. வேலை பார்த்த காலமெல்லாம் ரயில் கற்றாழையைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் நான். அது செங்கல்பட்டு மழையிலும் சாகாது, ஏனென்றால் நிற்பது தண்டவாளக் கரைச் சரிவில். பெய்த தண்ணீர் வேரில் தங்காமல் ஓடிவிடும். அதே செடியைப் பள்ளத்தில் நட்டுவிட்டு அழுகிவிட்டது என்று புலம்பினேன்.

இரண்டாம் முறை செடி வாங்கப் போகவில்லை. முதலில் மண்ணைப் பார்த்தேன். ஓரடி ஆழத்துக்கு நாலு இடத்தில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றினேன். படி ஓரம் ஒரு மணி நேரத்தில் உறிஞ்சியது. கேட் பக்கத்தில் மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றது. கட்டும்போது மேஸ்திரி புதைத்துவிட்டுப் போன செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் ஒரு சாக்கு கிடைத்தன. அவற்றையே படி ஓரம் அடியில் போட்டு, மேலே செம்மண்ணும் மணலும் கலந்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு கரை எழுப்பினேன். கேட் பக்கத்தைப் பள்ளமாகவே விட்டேன். மழைநீர் அங்கே தேங்கி இறங்கட்டும். நடுவில் சமதளம். இடம் மூன்றாகப் பிரிந்தபின் எந்தச் செடி என்பது பாதி தானாகவே முடிவாகிவிட்டது.

பள்ளத்துக்குச் செவ்வரளியும் நொச்சியும். அரளியை நெடுஞ்சாலை நடுத்திட்டில் புகைக்கு நடுவே பார்த்துப் பழகியதால் பாலைவனச் செடி என்று நினைத்துவிடுகிறோம். அதன் பிறந்த இடம் ஓடைக்கரை: மழைக்காலத்தில் வெள்ளம், மற்ற நாளில் வெறும் மணல். இரண்டுக்கும் பழகியது. ஆனால் இலை, பூ, குச்சி எல்லாமே விஷம். கையில் கிடைத்ததை வாயில் வைக்கிற குழந்தை இருக்கிற வீட்டில் நடக்கூடாது. எங்கள் பேத்திக்கு அந்த வயது தாண்டிவிட்டது. நொச்சியும் ஆற்றோரத்து ஆசாமிதான். தெரு மாடுகள் தொடுவதில்லை. எங்கள் தெருவில் அது சின்ன தகுதி இல்லை.

மேட்டுக்கு ஆவாரை வைக்க ஆசை. வண்டலூர் தாண்டிச் சாலையோரம் சித்திரையிலும் மஞ்சளாக நிற்கும். மூன்று செடியைப் பெயர்த்துக்கொண்டு வந்து நட்டேன், மூன்றும் காய்ந்தன. ஆணிவேரை அறுத்துவிட்டு எதை நட்டாலும் அப்படித்தான் என்றார் புல் வெட்ட வந்த அதே பெரியவர். "சார், காய் முத்தினதும் விதையை எடுங்க. சுடுதண்ணியில போட்டு ராத்திரி பூரா ஊறவிட்டு, நிக்கிற எடத்துலயே ஊனுங்க. அதுக்கு இடம் மாத்துனா ஆவாது." ஊன்றிய விதைகளில் ஐந்து முளைத்தன, இப்போது என் மார்பளவு இருக்கின்றன. அதே மேட்டில் சோற்றுக்கற்றாழையும், பிரண்டையும், பிழைத்த ஒரே ஒரு ரயில் கற்றாழையும். இடையிடையே நித்தியகல்யாணி. அது அடைமழையில் வேர் அழுகிச் சாகும். ஆனால் விதை போட்டுவிட்டுத்தான் சாகும். தை பிறந்து பார்த்தால் ஒன்று இருந்த இடத்தில் பத்துக் குஞ்சு.

நடுவில்தான் குழப்பம். அந்த இடம் பச்சையாகவே இருக்க வேண்டும் என்று என் மனைவிக்கு உறுதி. "ஏங்க, வாசல்ல வெறும் மண்ணைப் பார்த்துக்கிட்டு நான் கோலம் போட மாட்டேன்." பக்கத்து நர்சரியில் வெடிலியா என்று மஞ்சள் பூ பூக்கும் கொடியைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். தண்ணீர் குறைவாகப் போதும், வேகமாகப் பரவும், உண்மைதான். அந்த வேகம்தான் வினை. வேலி தாண்டி வாய்க்காலில் இறங்கினால் வேறு எதையும் வளர விடாது. வறட்சியில் சாகாது, விறகும் ஆகும் என்று அழைத்துவந்த சீமைக்கருவேலத்தோடு தமிழ்நாடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. உன்னிப்பூவும் அழகுச் செடியாக வந்து அப்படிப் பரவியதுதான்.

கடைசியில் பதில் ஏரிக்கரையில் கிடந்தது. பொடுதலை. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதே பொடுதலை. வரப்பிலும் குளக்கரையிலும் தரையோடு தரையாகப் படரும். கணுவுக்குக் கணு வேர்விடும். வெள்ளையும் ஊதாவுமாக ஒரு பூ, பட்டன் அளவு. மழையில் மூழ்கிக் கிடந்தாலும் எழும். வெயிலில் இலை சிறுத்து, நிறம் மங்கி, உயிரைப் பிடித்துக்கொள்ளும். மிதித்தாலும் கோபிக்காது. ஜப்பானில் இதிலிருந்தே தேர்ந்தெடுத்து உருவாக்கிய ஒரு வகையைக் குராப்பியா என்ற பெயரில், கலிஃபோர்னியாவில் புல்தரைக்கு மாற்றாக விலைக்கு விற்கிறார்கள். நான் ஒரு சிமென்ட் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தேன். ஒரு சாண் துண்டுகளாக நறுக்கி, முக்கால் அடிக்கு ஒன்றாகப் பதித்தோம். ஒரு எச்சரிக்கை: பூவுக்குத் தேனீ வரும், வெறுங்காலோடு நடந்தால் கொட்டும். அதனால் பேத்தியின் முருங்கை மூலையில் மட்டும் பழைய புல்லை அப்படியே விட்டுவிட்டேன். அதற்குத் தண்ணீரும் விடுகிறேன், வருத்தமில்லாமல். அது பயன்படுகிற புல்.

பொடுதலை பதிப்பதற்கு முன், மற்ற இடத்தில் கொத்தியும் போகாத பழைய புல்லின் மிச்சத்தை ஒழிக்க அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, மேலே வேப்பஞ்சருகு போட்டு மூடினேன். புல் செத்தது. கோரை சாகவில்லை, அட்டையை ஊசிபோலக் குத்திக்கொண்டு வந்தது. கோரைக்குக் குனிந்து கிழங்கோடு தோண்டுவதைத் தவிர வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் தோண்டினேன். இப்போதும் தோண்டுகிறேன்.

செடி விற்கிறவர்கள் "தண்ணியே வேணாம்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். வறட்சியைத் தாங்குவது வேர். வேர் இறங்கும்வரை அது பச்சைக்குழந்தை. புரட்டாசி கடைசியில் நட்டால் மூன்று மாதம் வானமே வளர்த்துக் கொடுக்கும். முதல் கோடையில் நான் வாரம் இருமுறை அடியில் மட்டும் ஊற்றினேன், தினம் கொஞ்சம் கொஞ்சமாக அல்ல. மேலோட்டமாக நனைத்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி செடியைச் சுற்றிப் புதைத்தோம், ஈரத்தைப் பிடித்துவைக்கும். இரண்டாம் கோடையில் பொடுதலைக்கு வாரம் ஒருமுறை. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒன்றுமில்லை.

மே மாதம் பார்க்க அழகாக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். பொடுதலை தவிட்டு நிறமாகிவிடும். நொச்சி இலை உதிர்க்கும். தோட்டம் செத்துவிட்டதா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். மகளே வீடியோ காலில் கேட்டாள்.

போன பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவை மனைவி வாசலிலேயே கிள்ளினாள். வேப்பிலையும் வீட்டிலேயே இருந்தது. "பூளைப்பூ மட்டும் இன்னும் கடையிலதான் வாங்க வேண்டியிருக்கு" என்று குறைபட்டுக்கொண்டாள். கட்டி முடித்த கொத்திலிருந்து உதிர்ந்ததைப் பெருக்கி, மேட்டு ஓரத்தில் தூவிவிட்டேன். சுற்றுச்சுவர் அடியில் சாம்பல் பச்சையில் இரண்டு கன்று எழும்பியிருக்கிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.