ஊராட்சிக் கணக்கை உழவர்களும் பார்க்கலாம்

உரத்திற்கு எவ்வளவு, நடவுக் கூலி எவ்வளவு என்று நோட்டில் குறித்து வைக்கும் விவசாயிகள்கூட, தங்கள் ஊராட்சி எந்த வேலைக்கு எவ்வளவு செலவிட்டது என்று கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கணக்கைப் பார்க்க அலுவலகம் திறந்திருக்க வேண்டும், செயலர் இருக்க வேண்டும், காட்ட அவருக்கு மனமும் இருக்க வேண்டும் என்பதே பல காலம் நிலைமை. இன்று அக்கணக்கின் முக்கியமான ஒரு பகுதியைச் செல்போனிலேயே காணலாம்.

மத்திய அரசின் 'இ-கிராம் ஸ்வராஜ்' என்னும் மென்பொருள் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டது. அதுவரை திட்டத்திற்கு ஒன்று, கணக்கிற்கு ஒன்று என்று தனித்தனியே இருந்த மென்பொருள்கள் இதில் ஒன்றாக்கப்பட்டன. பார்ப்பதற்குக் கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, நிதியாண்டு ஆகியவற்றை வரிசையாகத் தேர்ந்தெடுத்தால், அந்த ஆண்டுத் திட்டத்தில் சேர்ந்த வேலைகளும் பணம் கொடுத்த விவரங்களும் தெரியும். பதிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை அருகில் வைத்துக் கொள்வது நலம்.

முதலில், எந்த நிதி எதற்கு என்பதை அறிந்து கொள்ள வேண்டும். 15-ஆவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரை ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 30 சதம் குடிநீர், மழைநீர் சேமிப்பு போன்றவற்றிற்கும், 30 சதம் சுகாதாரத்திற்கும் ஒதுக்கப்பட வேண்டியது. எஞ்சிய 40 சதமே ஊரின் பிற தேவைகளுக்கு உரியது. வயலுக்குச் செல்லும் வண்டிப்பாதைக்குச் சிறு பாலம் கேட்டால் 'பணமில்லை' என்று பதில் வருகிறதா? அந்த 40 சதம் எந்த வேலைக்குப் போயிற்று என்று பார்த்துவிட்டுக் கேட்பதே முறை.

ஊரணி தூர் வாரியதாக ஒரு செலவு காணப்படுகிறது என்று கொள்வோம். எத்தனை டிராக்டர் மண் வெளியேறியது, எந்தக் கரையில் கொட்டினார்கள் என்பது அதில் இராது. அது ஊரணியை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். ஆனால் ஓர் எச்சரிக்கை. கணக்கில் காணும் தேதி பணம் வழங்கிய தேதி. வேலை பல மாதங்கள் முன்பே முடிந்திருக்கலாம். ஊரணி நிறைந்திருந்த மாதத்தில் தூர் வாரியதாகக் கணக்கு இருக்கிறதே என்று அவசரப்பட்டுக் குற்றம் சாட்டலாகாது. மாநில அரசின் நிதி, வீட்டு வரி முதலியவை இதில் முழுமையாக வந்திருக்கும் என்றும் எண்ண வேண்டாம். அவற்றைக் கிராம சபையில் படிக்கப்படும் வரவு செலவு அறிக்கையில்தான் பார்க்க வேண்டும்.

சந்தேகம் தீராவிடில் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனு கொடுத்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வேலை மதிப்பீடு, அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல் கேட்கலாம். பலர் அறியாத செய்தி, வேலை நடந்த இடத்தைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியை எடுக்கவும் இச்சட்டம் இடமளிக்கிறது என்பதாகும்.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளில் 2025 ஜனவரி 5-ஆம் நாளுடன் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தெருவில் நிறுத்திக் கேட்க உறுப்பினர் இல்லாத இத்தகைய காலங்களில் கணக்கைத் தாமே பார்க்கும் பழக்கம் மிகவும் அவசியமாகிறது.

பார்த்ததைக் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுடன், 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. ஊராட்சியின் வாக்காளர் ஒவ்வொருவரும் இச்சபையின் உறுப்பினரே. கூட்டத்தில் பேசியதை ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி நடவடிக்கைக் குறிப்பு தயாரிக்கும் 'சபாசார்' என்ற மென்பொருளும் 2025 ஆகஸ்டில் திரிபுராவில் தொடங்கி வைக்கப்பட்டது. அது நம் ஊருக்கு வரும்வரை, கேள்வியை எழுத்தில் கொடுத்து, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படித்துப் பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.