கைக்குள் இருந்த விளையாட்டு கூடத்துக்கு வந்தது!

"அம்மா, ஐம்பத்தஞ்சாயிரம்தாம்மா. மாசத் தவணையில கட்டிடலாம்."

பெரியவன் இப்படி ஆரம்பித்தபோது நான் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் காதில் விழாதது போல இருந்துவிட்டேன். அவன் விடுகிறவனா? சாப்பிடும்போதும் அதே பேச்சு, படுக்கும்போதும் அதே பேச்சு. டி.வி.யில் மாட்டி விளையாடுகிற பெட்டியாம். கூடப் படிக்கிற பையன் வீட்டில் இருக்கிறதாம்.

என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலை வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. ஓவர்டைம் பார்த்துக் கொண்டுவருகிற பணம் பெரியவனின் டிப்ளமோ ஃபீஸுக்கும், எட்டாவது படிக்கிற சின்னவளின் டியூஷனுக்கும் சரியாகப் போகிறது. இதில் விளையாட்டுக்குத் தவணையா? "முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

போர்வைக்குள் ஒரு வெளிச்சம்

போன வருஷக் கோடையில், அமெரிக்காவில் படிக்கும் என் நாத்தனார் மகன் லீவில் வந்தான். அவனிடம் 'ஸ்டீம் டெக்' என்று ஒரு சாதனம். வால்வ் என்ற அமெரிக்கக் கம்பெனி 2022 பிப்ரவரியில் விற்பனைக்குக் கொண்டுவந்ததாம். பார்த்தால் இரண்டு கைப்பிடி வைத்த சின்ன டி.வி. மாதிரி இருக்கும். 7 அங்குலத் திரை, எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கீழே விழுந்து திரையின் ஓரத்தில் விரிசல். "அத்தை, நான் வேற வாங்கிட்டேன். இது தம்பிகிட்ட இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போனான்.

தவணைப் பேச்சு நின்றது. எனக்கும் நிம்மதிதான். பத்து நாள் கழித்து, ராத்திரி 2 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால், பெரியவனின் போர்வைக்குள் நீலமாக ஒரு வெளிச்சம்! காதில் இயர்போன். கூப்பிட்டாலும் கேட்கவில்லை. விரிசல் விழுந்த திரையை ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு, கழுத்தை மடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அடுத்த செமஸ்டரில் இரண்டு பேப்பர் அரியர். கண்ணுக்குக் கீழே கறுப்பு. வீட்டுக்காரருக்கு வந்த கோபத்தில், "இதை ரயில் ரோட்டுல வீசிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிவிட்டார். நான்தான் குறுக்கே நின்று பிடுங்கி அரிசி டிரம்முக்குள் வைத்தேன். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை. ஒரே கூடம், ஒரே சாப்பாடு, நடுவில் நான் தபால்காரி!

மிக்ஸி சொன்ன பாடம்

நாத்தனார் மகனிடம் போனில் அழாக்குறையாகச் சொன்னேன். அவன் சிரித்தான். "அத்தை, அதை டி.வி.யில மாட்டிடுங்க. தம்பி கேட்ட பெட்டி செய்யற வேலையில முக்கால்வாசியை இதுவும் செய்யும்" என்றான்.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். மிக்ஸியில் மோட்டார் ஒன்றுதான். ஜாரை மாற்றினால் சட்னியும் அரைக்கலாம், மிளகாய்ப்பொடியும் திரிக்கலாம். அதுபோல இந்தக் கைச்சாதனத்துக்குள் இருப்பது முழுக் கம்ப்யூட்டர். திரை என்பது அதன் ஒரு ஜார்தான். அந்த ஜார் உடைந்தால் கூடத்து டி.வி.யே இன்னொரு ஜார். இந்தியாவில் 2023-ல் வந்த 'ஆசுஸ் ஆர்.ஓ.ஜி. அல்லை' போன்றவையும் இந்த வகைதான்.

சிலர் திரையைக் கழற்றிவிட்டு, உள்ளிருக்கும் போர்டை மட்டும் ஒரு சின்னப் பெட்டியில் பொருத்திவிடுகிறார்களாம். அந்த வேலை நமக்கு வேண்டாம். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது. குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். கைப்பழக்கம் உள்ள மெக்கானிக் மட்டுமே திறக்க வேண்டும்.

வாங்கியதும் ஏமாந்ததும்

பெரியவனைக் கூட்டிக்கொண்டு லோக்கல் ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து ரிச்சி தெரு. முதலில் 600 ரூபாய்க்கு ஒரு 'ஹப்' வாங்கினோம். வீட்டில் மாட்டினால் படம் வந்தது, இரண்டு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்து அணைந்தது. சார்ஜர் சொருகும் வாய் அதில் இல்லவே இல்லை! கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். பிறகுதான் தெரிந்துகொண்டேன்: ஹப்பில் மூன்று வாய் கட்டாயம் வேண்டும். சார்ஜருக்கு ஒன்று, டி.வி.க்குப் போகும் எச்.டி.எம்.ஐ. ஒன்று, யு.எஸ்.பி. ஒன்று. பெட்டியின் மேல் 'பி.டி. சார்ஜிங்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

என் கணக்கு நோட்டிலிருந்து:

சரியான ஹப் – ரூ. 1,850
எச்.டி.எம்.ஐ. ஒயர் – ரூ. 350
கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலர் 2 – ரூ. 2,600
அமெரிக்க பிளக்குக்கு அடாப்டர் – ரூ. 50
மொத்தம் – ரூ. 4,850

ஏமாந்த 600 தனி. அதை என் முட்டாள்தனத்தின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

மாட்டும் முறை

சார்ஜரை ஹப்பில், ஹப்பைச் சாதனத்தில், எச்.டி.எம்.ஐ. ஒயரை டி.வி.யில் சொருக வேண்டும். ரிமோட்டில் 'சோர்ஸ்' அமுக்கி எச்.டி.எம்.ஐ. எடுத்தால் படம் வந்துவிடும். டி.வி. செட்டிங்கில் 'கேம் மோட்' இருந்தால் போட்டுவிடுங்கள். பட்டன் அமுக்கிய பிறகு படம் தாமதமாக நகருவது குறையும். டி.வி. பெரிதாக இருக்கிறதே என்று விளையாட்டை 4கே-யில் வைத்தால் இந்தச் சின்ன இயந்திரம் திணறும். 720 அல்லது 1080 போதும்.

இது சூடாகும். காற்று வெளியேறும் வாயை அடைக்கக்கூடாது. மெத்தை, துணி, மூடிய ஷெல்ஃப் மூன்றும் கூடாது. எங்கள் வீட்டில் பழைய எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். நாலு பக்கமும் காற்றோட்டம்! முதுகுப் பக்கம் உப்பியதுபோல் தெரிந்தால் உடனே சார்ஜரைக் கழற்றி நிறுத்திவிடுங்கள். பேட்டரி வீங்கியிருக்கும்.

கரண்ட் கட்டானால் டி.வி. அணையும், சாதனம் அணையாது. பேட்டரி தாங்கிக்கொள்ளும். மின்சாரச் செலவையும் பார்த்தேன். இதன் சார்ஜர் 45 வாட். பெரிய பெட்டி, பெரிய விளையாட்டு ஓடும்போது சுமார் 200 வாட் இழுக்கும். தினம் 2 மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் இது 5½ யூனிட்டுக்குள், அது 24 யூனிட். டி.வி.க்கு ஆகும் கரண்ட் இரண்டுக்கும் பொது.

பழைய சாதனம் விலைக்கு வாங்குகிறவர்கள் பில் கேளுங்கள். சார்ஜ் ஏறுகிறதா, டி.வி.யில் மாட்டினால் படம் வருகிறதா என்று எதிரிலேயே பார்த்து வாங்குங்கள். டி.வி.க்காகவே வாங்குவதென்றால் கீறல் விழுந்த திரை நமக்கு லாபம்தான். பேரம் பேசலாம்.

பணம் வைத்து ஆடுவதா?

"இதுவும் ஆன்லைன் ரம்மி மாதிரியா?" என்று என் மாமியார் பயந்தார். இல்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு தடைச் சட்டமே கொண்டுவந்தது. இதில் விளையாட்டை ஒருமுறை வாங்கினால் போதும், தள்ளுபடியும் அடிக்கடி வரும். ஆனால் சில விளையாட்டுக்குள் உடை, ஆயுதம் என்று விற்பார்கள். அதனால் என் கார்டு நம்பரை அதில் பதிந்து வைக்கவே இல்லை. 2024-ல் வந்த 'ஸ்டீம் ஃபேமிலிஸ்' வசதியில், பிள்ளை எதை விளையாடலாம், எத்தனை நேரம் என்பதைப் பெற்றோரே பூட்டி வைக்கலாம். சின்னவளுக்கு அப்படித்தான்.

எங்கள் வீட்டுச் சட்டம்

உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியில் அந்தப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. நிறுத்த முடியாமல் போவது, படிப்பு தூக்கம் எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது – இவைதான் அடையாளங்கள். பொதுவாக ஒரு வருஷம் நீடித்தால்தான் டாக்டர் அப்படிச் சொல்வார். ஆனால் நாம் அதுவரை காத்திருக்க வேண்டுமா?

சட்டம் போட்டேன். மாமியாரின் சீரியல் முடிந்து 9 மணியிலிருந்து 10 வரை மட்டும். ஞாயிறு 3 மணி நேரம். கூடத்து விளக்கு எரிய வேண்டும். ஆறேழு அடி தள்ளி நிமிர்ந்து உட்கார வேண்டும். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்க்க வேண்டும். 10 மணிக்கு ஹப் ஒயர் என் கைக்கு வந்துவிடும். சாதனம் மறுபடியும் அரிசி டிரம்முக்குள்!

முதல் வாரம் முணுமுணுத்தான். ஒருநாள் பகல் ஷிஃப்ட் முடிந்து வந்த அவர், லுங்கி மாற்றிக்கொண்டு பேப்பரை விரித்தபடி ஓரக்கண்ணால் டி.வி.யைப் பார்த்தார். கார் பந்தயம். பெரியவன் மூன்றாவது முறையாக அதே வளைவில் கவிழ்ந்தான்.

"பிரேக் பிடிச்சிட்டுத் திருப்புடா" என்றார்.

இரண்டு மாதத்தில் மகனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. பெரியவன் திரும்பிப் பார்க்காமலே இரண்டாவது கன்ட்ரோலரை அப்பா பக்கம் நீட்டினான். நான் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு 10 மணிச் சட்டத்தை நானே பத்து நிமிஷம் மீறினேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அரியரில் ஒன்று தேறினான், ஒன்று பாக்கி இருக்கிறது. ஆனால் போர்வைக்குள் வெளிச்சம் இல்லை. சகோதரிகளே, பிடுங்கி வீசுவதற்கு முன், அந்தப் பொருளைக் கூடத்துக்கு நடுவில் கொண்டுவந்து வையுங்கள். பிள்ளை பின்னாலேயே வருவான்.