மூளையின் வேறுபாடும் பல்கலைக்கழகக் கல்வியும்

மாந்தர் மூளை யாவும் ஒரே நெறியில் இயங்குவன அல்ல. ஓட்டிசமுடையோர் பலர் பிறர் பேச்சின் குறிப்பை உணர இடர்ப்படுவர். டிஸ்லெக்சியா உடையோர்க்கு விரைந்து வாசித்தல் அரிதாகும். இவை அறிவின் குறைவல்ல. அறிவு தொழிற்படும் முறையின் வேறுபாடுகளேயாம்.

இயலாமை காரணமாகக் கல்விநிலைய அனுமதியில் எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாதென இலங்கையின் 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டமோ மேற்கூறிய இரண்டையும் பெயர் சுட்டியே கூறுகின்றது. எனினும், சட்டம் வாயிலைத் திறக்குமேயன்றி, உள்ளே உடனமர்வாரைத் தராது.

பண்டத்தரிப்பிலிருந்து திருநெல்வேலிக்குச் சென்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பயிலும் இத்தகைய மாணவன் ஒருவனை எண்ணுக. ஊர்ப் பாடசாலையில் அவன் இயல்பறிந்த ஆசிரியர் இருந்திருப்பர். பல்கலைக்கழகத்திலோ விரிவுரை மண்டபம் திடீரென மாறலாம்; ஒப்படைக்குரிய நாள் வாய்மொழியாய் அறிவிக்கப்படலாம்; சிற்றுண்டிச்சாலையின் இரைச்சல் அவனைத் துன்புறுத்தலாம். பாடத்தைத் தெளிந்தவனும் இவற்றாற் சோர்ந்து, தனித்து, ஈற்றிற் படிப்பையே கைவிடல் கூடும்.

இதனைத் தடுத்தற்கு வேண்டுவன எளியனவே. விரிவுரையாளர் அறிவித்தல்களை எழுத்திலே தருக. குழுவேலையில் அவன் பங்கை வரையறுத்துரைக்க. பரீட்சையில் தேவைக்கேற்ற மேலதிக நேரமும் அமைதியான இடமும் அளிக்க. உடன் மாணவர் கேலியை விடுத்து, குறித்த வேளையில் அவனுடன் உண்ணவும் படிக்கவும் முன்வருக.

அமெரிக்காவில், ஓட்டிசமுடைய டெம்பிள் கிராண்டின் அம்மையாரின் ஆர்வத்தை அவர்தம் பள்ளி விஞ்ஞான ஆசிரியர் வில்லியம் கார்லொக் கல்விவழிப்படுத்தினார். அம்மையார் 1989 இல் இலினோய் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, பேராசிரியராகவும் விளங்கினார். ஓர் ஆசிரியரின் கவனம் இத்துணைப் பயன் விளைக்குமாயின், ஒரு கல்விச் சமூகமே கவனங்கொள்ளின் எத்துணை மாணவர் கரையேறுவர்!