வழுவன்று, வழக்கே

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பிரித்தானியப் படைத்துறை அதிகாரிகள் அறிக்கையொன்றை உடனே எடுத்து ஆராய விரும்பினர். அதனை 'மேசைமேல் வைத்தல்' என்று தம் வழக்கிற் கூறினர். உடனிருந்த அமெரிக்க அதிகாரிகளோ இணங்க மறுத்தனர். அவர்தம் நாட்டில் அத்தொடர் ஒன்றை ஒதுக்கிப் போடுதலையே குறிக்கும். நெடுநேரம் கடுமையாக வாதிட்ட பின்னரே, இரு சாராரும் வேண்டியது ஒன்றே என்பது புலனாயிற்று. சேர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதியுள்ள நிகழ்ச்சி இது.

ஒரு மொழி பேசுவோரிடையே இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது? அமெரிக்கர் ஆங்கிலத்தைச் சிதைத்தனர் என்பார் சிலர். ஆராயின் அக்கூற்று நில்லாது. இலையுதிர் காலத்தை இங்கிலாந்தினர் 'ஓற்றம்' என்பர். அமெரிக்கர் உதிர்தற் பொருள்படும் 'ஃபோல்' என்பர். பின்னதும் 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் வழங்கிய சொல்லே. 'பெற்ற' என்னும் பொருளில் அமெரிக்கர் வழங்கும் 'கொற்றன்' என்ற வடிவம் 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலும் உண்டு. தாய்நாடு கைவிட்டதைச் சேய்நாடு காத்தது. காத்தவரைச் சிதைத்தவர் எனல் முறையாமோ?

பிரிவின் பின் தோன்றிய பொருள்களுக்கு இரு நாட்டாரும் வெவ்வேறு பெயரிட்டனர். லொறி அமெரிக்காவில் 'ட்றக்', பெற்றோல் 'கசொலின்', லிப்ற் 'எலிவேற்றர்'. இலங்கையராகிய நாம் முன்னவற்றையே வழங்குதல், நம்மை ஆண்டோர் எவர் என்பதற்குச் சான்று.

வேறுபாட்டை விரும்பி வளர்த்தோரும் உளர். பள்ளியாசிரியராயிருந்த நோவா வெப்ஸ்ரர் 1783இல் எழுத்துக்கூட்டல் நூலொன்றையும், 1828இல் ஏறத்தாழ 70,000 சொற்கொண்ட அகராதியையும் வெளியிட்டார். தனிநாட்டுக்குத் தனி மொழிமரபு வேண்டும் என்பது அவர் துணிபு. நிறத்தைக் குறிக்கும் சொல்லில் ஓரெழுத்தைக் குறைத்தார், நாடு ஏற்றது. நாவைக் குறிக்கும் சொல்லையும் ஒலித்தபடியே எழுதப் புகுந்தார், நாடு மறுத்தது. ஆசிரியன் விதிக்கலாம், கொள்வதும் தள்ளுவதும் மக்களே.

தொல்காப்பியர் திசைச்சொல்லை இழித்திலர். செய்யுட்குரிய சொற்களுள் ஒன்றாக வைத்து எண்ணினார். பிறர் சொல்லைப் பிழையெனச் செம்மையாற் கோடிடுமுன், அஃது எந்நிலத்து வழக்கென வினவுதல் எம்போன்ற ஆசிரியர்க்குக் கடனாம். வினவாமையால் விளையும் பிணக்கிற்கு அம்மேசையே சான்று.