பயிரு பச்சை... கதிரோ பதர்! மழை எப்ப தவறினா நெல்லுக்கு ஆபத்து?

ராமநாதபுரம்:

வரப்பில் நின்று பார்த்தால் வயல் பச்சைப்பசேல் என்று இருக்கும். கதிரை உருவி கையில் கசக்கி ஊதினால் அத்தனையும் பறந்து விடும். உள்ளே அரிசியே இருக்காது. "அதான் கடைசியில மழை பெஞ்சுச்சே, அப்புறம் எப்படி?" என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு.

மழை எவ்வளவு பெய்தது என்பதை விட, எப்போது பெய்தது என்பதுதான் நெல்லுக்கு முக்கியம்.

முதுகுளத்தூர், கமுதி பக்கம் புழுதி விதைப்பு அதிகம். காய்ந்த மண்ணில் விதைத்து விட்டு வடகிழக்கு பருவமழைக்கு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். முளைத்து 20, 25 நாளில் மழை நின்றால் இலை சுருளும், தூர் குறையும். பார்க்கவே வயிறு எரியும். ஆனால் அடுத்த மழையில் பெரும்பாலும் தேறி விடும்.

பொதி கட்டி கதிர் வெளிவரும் நேரம் அப்படி அல்ல. அப்போது ஈரம் இல்லாவிட்டால் கதிர் முழுசாக வெளியே வராமல் தொண்டையிலேயே சிக்கும். மகரந்தம் செத்துப்போகும். ஒரு நெல் பூ திறந்திருப்பதே ஒரு மணி நேரம் போலத்தான். அதில் தவறினால் பதர்தான். பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் இலை பச்சையாகும், பதர் நெல்லாகாது. பால் பிடிக்கும்போது காய்ந்தால் அரை நெல். மில்லில் நொய்யாகும்.

மண்ணும் ஏமாற்றும். களிமண்ணில் ஈரம் தெரியும், ஆனால் மண் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நெல் வேர் பெரும்பாலும் மேல் ஒரு அடிக்குள்தான். நிலம் வெடித்தால் வேரும் அறுந்து போகும். ஒரு சாண் ஆழத்தில் மண் எடுத்து உருண்டை பிடித்துப் பாருங்கள். பிடிபடாமல் உதிர்ந்தால் தண்ணீர் உடனே தேவை.

எந்த ரகமானாலும் பூத்ததில் இருந்து அறுவடைக்கு சுமார் 30 நாள். 110 நாள் ரகம் என்றால் 80-ம் நாள் பூக்கும். புழுதி விதைப்பில் நாள் கணக்கு மழை பெய்து முளைக்கத் தொடங்கியதில் இருந்து. கண்மாயில் ஒரு தண்ணிக்குத்தான் இருக்கிறது என்றால், அதை இளம் பயிருக்கு திறந்து தீர்த்து விடாமல் இந்த நாளுக்கு வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். மடைக்கு மடை சண்டை வராமல் இதை முன்கூட்டியே பேசி முடிப்பது தனி சாமர்த்தியம்!

2016-ம் ஆண்டு டிசம்பரில் வர்தா புயல் சென்னையை புரட்டிப்போட்டது. ஆனால் அந்த பருவமழை மாநிலம் முழுக்க 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் அப்போதைய 32 மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன.

பயிர் காப்பீட்டில் மகசூல் இழப்பை கணக்கிட அறுவடை பரிசோதனையில் கிடைக்கும் நெல்லின் எடை முக்கியம். எனவே உங்கள் ஊரில் அந்த பரிசோதனை எந்த வயலில், எந்த தேதியில் என்று வேளாண் அலுவலரிடம் கேட்டு, அன்றைக்கு நேரில் போய் நில்லுங்கள்.