இசைத்தட்டின் ஊசியைப் பேணுவோம்

மறைந்துபோயிற்று என்று நாம் எண்ணியிருந்த இசைத்தட்டு மீண்டும் இல்லங்களுக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றது. 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குறுந்தகடுகளைவிட இசைத்தட்டுகளே எண்ணிக்கையில் மிகுதியாக விற்பனையாயின. 1987க்குப் பின் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. நம்மவரிடையேயும் பெற்றோர் விட்டுச்சென்ற பழைய தட்டுகளைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டுவோர் உளர். அவற்றைச் சுழலவிடுமுன் நாம் நோக்கவேண்டியது ஊசியின் முனையையே.

அரக்கினாலான 78 சுற்றுத் தட்டுகளின் காலத்தில், எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்திற்கும் மாற்றுவது முறையாயிருந்தது. 1948இல் கொலம்பியா நிறுவனம் வினைல் பிளாஸ்டிக்கினாலான நெடுநேரத் தட்டினை வெளியிட்டது. அதன் நுண்ணிய பள்ளங்களில் ஓடுவதற்கு நீலக்கல்லினாலோ வைரத்தினாலோ ஆன முனை பயன்படலாயிற்று. ஊசியை அடிக்கடி மாற்றும் தொல்லை நீங்கியது; அதனோடு ஊசியைப் பற்றிய நினைவும் நீங்கிவிட்டது!

அந்த ஊசியின் உழைப்பைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 22 நிமிடம் ஒலிக்கும் ஒரு பக்கத்தில் அது கடக்கும் தொலைவு ஏறத்தாழ 470 மீட்டர். பல கருவிகளில் அதன்மீது அமையும் பளு 2 கிராம் அளவே. எனினும் அப்பளு முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத சிறு பரப்பில் தாங்குவதால், அழுத்தம் மிகப் பெரிது. பள்ளத்திலுள்ள தூசியும் எண்ணெய்ப் பசையும் முனையைச் சுற்றி மேலோடுபோல் படிகின்றன. அப்போது இசை மங்குகின்றது. 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் சீறுகின்றன.

தூய்மை செய்யும் முறை எளிது. முதலில் ஒலிபெருக்கியை அணைத்துவிட வேண்டும். தட்டும் சுழலாது நிற்க வேண்டும். மெல்லிய இழைகள் கொண்ட சிறு தூரிகையால், ஊசியின் பின்புறத்திலிருந்து முன்புறமாக மட்டுமே மெல்லத் துடைக்க வேண்டும். தட்டு நகரும் திசையும் அதுவே. எதிர்த்திசையிலோ பக்கவாட்டிலோ துடைத்தால், ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு வளைந்து ஒடிந்துவிடக்கூடும். விரலால் தொடுதல் அறவே ஆகாது. விரலின் எண்ணெய்ப் பசை மேலும் தூசியை ஈர்க்கும். சாராயவகைத் திரவங்களைச் சிலர் பயன்படுத்துவதுண்டு. அவை வைரத்தைப் பிணைத்துள்ள பசையை இளக்கிவிடக் கூடுமாதலால், கருவியைச் செய்தோர் கூறும் அறிவுரையின்றி அவற்றைத் தொடாதிருப்பதே நலம். அரக்குத் தட்டின்மீது அத்திரவம் படவே கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும்.

ஊசி தூயதாயிருந்தும் தட்டு அழுக்காயிருப்பின் பயனில்லை. ஒவ்வொரு முறையும் தட்டினைத் தூரிகையால் துடைத்து, விளிம்பைப் பற்றியே எடுத்து, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். மேலும், 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது. நெடுநேரத் தட்டிற்குரிய நுண்ணிய ஊசியை அதில் ஓட்டலாகாது.

அழுக்கு வேறு, தேய்மானம் வேறு என்பதையும் நாம் உணரவேண்டும். வைர முனைக்குப் பொதுவாக 500 முதல் 1000 மணி வரை ஆயுள் கூறப்படுகின்றது. நாள்தோறும் ஒரு மணி கேட்கும் குடும்பத்தில் 1000 மணி மூன்றாண்டு நிறையுமுன்பே முடிந்துவிடும். நீலக்கல்லோ இதனினும் மிக விரைவில் தேயும். துடைத்த பின்னும் இசை தெளியவில்லையெனில், ஊசி தேய்ந்திருக்கக்கூடும். பழைய கருவியோடு வந்த ஊசி எத்தனை மணி உழைத்தது என்பது தெரியாவிடில், அதனை மாற்றிய பின்பே தட்டினை வைப்பது முறை.

ஏனெனில், தேய்ந்த முனையில் கூரிய விளிம்புகள் தோன்றுகின்றன. அவை பள்ளத்தின் சுவர்களைச் செதுக்கிவிடுகின்றன. அங்கேதான் பாடியவரின் குரல் பொறிக்கப்பட்டுள்ளது. செதுக்கப்பட்ட பகுதியை எந்தத் தூரிகையும், எந்தப் புதிய ஊசியும் மீட்டுத் தரா. பழைய தட்டுகளுள் மறுபதிப்புக் காணாதவை பல. தாத்தா விரும்பிக் கேட்ட தட்டினைப் பேரப்பிள்ளைகளும் கேட்க வேண்டுமென நாம் விரும்பினால், புதிய ஊசியின் விலையைச் செலவென்று கருதலாகாது. ஊசியைக் கடையில் வாங்கலாம். அழிந்த குரலை எங்கே வாங்குவது?