அலாரிப்பும் பதமும்

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவில் உள்ள ‘டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்’ என்னும் கலைக்கூடம், சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் தூண்டுதலால் 1981-இல் கோலாலம்பூரில் தோன்றியதாகும். இங்குக் கற்பிக்கப்படும் பரதநாட்டியம், உணர்ச்சியை வெளியிடுவதே கலையின் ஜீவன் என்னும் கொள்கைக்கு எளிதில் அடங்குவதன்று.

தான் அனுபவித்த உணர்ச்சியைப் பிறர்க்கும் தொற்றச் செய்வதே கலை என்று ருஷ்ய ஞானி டால்ஸ்டாய் 1890-களின் இறுதியில் வாதித்தார். ஆனால், பதம் என்னும் அபிநய உருப்படியை ஆடும் நர்த்தகி, வராத நாயகனுக்காகக் குங்குமத்தைத் திருத்தி, வாயிலை நோக்கி, புருவத்தை ஒருகணம் உயர்த்திச் சோர்ந்து தாழ்த்துகையில், அவ்விரகம் அவளுடைய சொந்தத் துயரமாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. மெய்யாகவே அழுதுவிட்டால் அடவு பிசகும், தாளம் தப்பிய கண்ணீரை நட்டுவனாரும் மன்னிப்பதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டென்றார்; பரத முனிவரும் ரசங்களை எட்டாகவே வகுத்து, அவற்றைச் சுவைப்பவர் சபையில் அமர்ந்திருக்கும் ரசிகரே என்றார்.

டால்ஸ்டாயின் கொள்கைக்கு இதனினும் பெரிய ஆட்சேபம் அலாரிப்பிலேயே உண்டு. தஞ்சை நால்வர் எனப்படும் நட்டுவனார் சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய கச்சேரி முறையில் முதலாவதாக அமைந்த இவ்வுருப்படியில் கதையில்லை, சாகித்தியமில்லை, நாயகனுமில்லை. கண்ணும் கழுத்தும் தோளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொற்கட்டுக்கு இசைந்து அசைகின்றன, அவ்வளவே. ஆயினும் இதைக் கலையன்று என்று சொல்லத் துணிவார் யார்?

அரங்கில் அலாரிப்பைக் காணும் அன்பர்கள், சோகமோ சிருங்காரமோ ஏதுமின்றியே தம் முகம் மலர்வதைச் சற்றே கவனிக்க வேண்டுகிறோம்.